பதினொன்றாம் எண்

கடலூர் முதுநகரில் துறைமுகக் கொடிமரத்தில்
புயல் கூண்டு ஏற்றும் நாளில்
பதிவேட்டில் எழுதுவது நான்.
தேதி, நேரம், எண், ஏற்றியவர் கையொப்பம்.
ஒன்று என்றால் எங்கோ தூரத்தில் சுழல்கிறது.
மூன்று என்றால் படகை இழுத்துக் கட்டு.
பத்து என்றால் என்ன என்று
இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

புதுச்சேரியில், கோரிமேட்டில், டாக்டர் கேட்டார்:
வலி பத்துக்கு எவ்வளவு?
எங்கள் கொடிமரத்தில் பதினொன்று வரை உண்டு மேடம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
எட்டு என்று எழுதிக்கொண்டார்.

இடது பக்கம் சாக்லேட் கட்டி, நாலரை சென்டிமீட்டர்.
யார் வைத்த பெயரோ.
போக வழியில்லாமல் உள்ளேயே கறுத்த ரத்தம் அது.
இரண்டு பக்கமும் நீர்க்கட்டிகள்.
முத்து கோத்த மாதிரி சுத்தி நிக்குது பாருங்க என்று
லூர்து மேரி திரையைத் திருப்பினாள்.
கையில் காசில்லாமல் நகைக்கடைக்குள் வந்தவள் போல
பார்த்துவிட்டு இறங்கினேன்.

தள்ளிப்போயிருக்கா?
அஞ்சலாட்சி அக்கா கேட்பார்,
டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, குரலை இறக்கி.
மற்றவர்களுக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு பிள்ளை இருக்கிறது.
எனக்குத் தள்ளித்தான் போகும் அக்கா.
நாற்பது போகும். ஐம்பத்திரண்டு போகும்.
பொங்கலுக்கு வரவேண்டியது ஒருமுறை
மாசி மகத்துக்கு வந்தது,
தேவனாம்பட்டினத்தில், சாமிகள் கடலாடிய கூட்டத்தில்,
நான் சந்தன நிறச் சுடிதாரில்.
கலிவரதன் சட்டையைக் கழற்றி என் இடுப்பில் கட்டி
மஞ்சக்குப்பம் வரை வெற்று மேலோடு வண்டி ஓட்டினான்.
சிக்னலில் ஒரு போலீஸ்காரர் முறைத்தார்.

ஒன்பதாம் நாள், பதினொன்றாம் நாள், பதின்மூன்றாம் நாள்.
ஐந்தரை மணி பஸ்.
கிருமாம்பாக்கம் தாண்டும்போது மெட்ஃபார்மின் வயிற்றைப் புரட்டும்.
முட்டை பதினொரு மில்லிமீட்டர், பதினாலு,
அப்புறம் பதினாலிலேயே நிற்கும்.
நகராமல் அதே இடத்தில் நிலைகொண்டுள்ளது என்பார்களே, அப்படி.
இந்த முறை பத்தொன்பது!
ஊசி போட்டார்கள்.
இன்னைக்கும் நாளைக்கும் சேர்ந்திருங்க என்றாள் நர்ஸ்,
மாத்திரையை எப்போது போடவேண்டும் என்று சொல்லும் அதே குரலில்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
பிள்ளைக்கான வழியில்தான் கத்தியும் இருக்கிறது.
பாதியில் நிறுத்தி, எங்கள் இருவர் பாஷையில்
கலிவரதன் கேட்பான்:
கூண்டு எத்தனை?
ஒன்று என்பேன்.
தூரத்திலதான் இருக்கு, வா.
சுவர்ப் பக்கம் திரும்பிய முகத்தில் ஏழு ஏறியிருக்கும்.
விளக்கணைந்த அறை எவ்வளவு வசதி.

முப்பத்தெட்டாம் நாள்.
கைப்பையில் சோதனை அட்டை, உறை பிரிக்காமல்.
வங்கக் கடலில் ஒன்று உருவாகி
இரண்டு நாளாக மூன்றாம் எண் மேலே இருந்தது.
பிற்பகலில் தகவல் வந்தது:
கரையைக் கடக்காமலே வலுவிழந்தது, இறக்கலாம்.
'3.40, இறக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டிருந்தபோது
முதுகின் அடியிலிருந்து கிளம்பியது.
கழிவறைக்குப் போய்ப் பார்த்தேன்.
அட்டை வீணாகவில்லை, காலாவதிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

போன் போட்டேன்.
பாட்டரிக் கடையில் யாருடைய இன்வெர்ட்டரோ கத்திக்கொண்டிருந்தது.
என் மூச்சைக் கேட்டதும் கேட்டான்:
கூண்டு எத்தனை?

பதினொன்றுக்கு எங்கள் விதிப்புத்தகத்தில்
காற்றின் வேகம் எதுவும் போட்டிருக்காது.
வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று மட்டும் பொருள்.
ஒன்றரை வருடமாக ஒன்றையே ஏற்றிவந்தவள்
அதைச் சொன்னேன்.

இன்வெர்ட்டரை யாரோ அணைத்தார்கள்.
அன்னைக்கு ராத்திரியுமா? என்றான்.
அன்னைக்கும்.
எல்லா ராத்திரியுமா?

அவன் வண்டி வரும்வரை கொடிமரத்தடியில் நின்றேன்.
மேலே எதுவும் இல்லை.
இறக்கிய கயிறு மட்டும்
கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தது.